சொப்பில் சாப்பிட்டு இளைத்த கதை

உடம்பு இளைத்த பெண்ணைப் பார்த்தால் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி, "என்னா, சுகர் வந்துடுச்சா?" இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வி, "அப்ப எப்படி?" முதல் கேள்விக்கு நான் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். இரண்டாவதற்குச் சொன்ன பொய் என்னை ஒரு வளைகாப்புப் பந்தலில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், பட்டுப்புடவையோடு தரையில் படுக்க வைத்தது.

அப்போது நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை யூனிட்டில் பெயிண்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். இப்போதும் அதே வேலைதான், உடம்புதான் வேறு. அப்போது நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஷேர் ஆட்டோவில் நான் ஏறினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தானாக இறங்கி முன்சீட்டுக்குப் போய்விடுவார். மூட்டு வலி, மூச்சு வாங்கல், பிரஷர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பேலியோ, பட்டினி, வெந்நீர், எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் முதல் வாரம் மூன்று கிலோ குறைவேன், இரண்டாம் வாரம் நாலு கிலோ ஏறுவேன். கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றின் மேல்முனையில் ஒரு முட்டை கொள்ளுமளவு சின்னப் பையைப் பிரித்து, குடலைத் தூக்கி அதோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

இந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு, வீடு திரும்பிய பிறகு, பித்தப்பையில் கல் எடுத்ததாகச் சொன்னோம். காரணம், தனலட்சுமி அண்ணி.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய குரலுக்கு மைக் தேவையில்லை. அவரிடம் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாப்பில் கேட்டுவிடலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "வாயக் கட்டத் துப்பில்லாம வயித்தக் கட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று ஒரு வார்த்தை சொல்வாரே, அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. (அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நானே அவருக்காக எழுதிக் கொடுத்த வசனம் அது.)

ஆபரேஷன் முடிந்ததும் டயட்டீஷியன் பெண் ஒரு பேப்பர் கொடுத்தாள். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக் கூடாது. இனிப்பு வேண்டவே வேண்டாம். "மீறினா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "உங்க உடம்பே சொல்லும் மேடம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

சின்னக் கிண்ணத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் யூனிட்டில் பொம்மையோடு பிள்ளைகள் விளையாடும் சொப்புச் சாமானும் செய்கிறோம். குட்டிப் பானை, குட்டிச் சட்டி, குட்டிக் குடம். பெயிண்ட் அடிக்காத வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மதியம் அதில்தான் சாப்பாடு. கை தொட்டால் கிண்ணம் மறைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு நான் சாப்பிடுகிறேனா, கூட்டாஞ்சோறு விளையாடுகிறேனா என்று தெரியாது.

ஏழு மாதத்தில் முப்பத்தெட்டு கிலோ குறைந்தேன். செக்‌ஷன் பெண்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இந்தச் சொப்புல சாப்ட்டுதான் எளைச்சீங்களா?"

நான் வாயைத் திறக்கவேயில்லை, அவர்களே பதிலையும் கொடுத்துவிட்டார்கள். "ஆமாண்டி" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. "பசிங்கறது ஒரு பழக்கம். அதச் சொப்புக்குப் பழக்கணும். மனசுதாண்டி எல்லாம்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மனசாம்! ரெண்டு டாக்டர், ஒரு மயக்க டாக்டர், ஐந்து தையல், இதற்கெல்லாம் சேர்த்து நான் வைத்த பெயர் மனசு.

செய்தி அண்ணி காதுக்குப் போனது. அவர் மகள் திவ்யா மாசமாக இருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியேறி வந்தார்.

"வசந்தி, எனக்கு மட்டும் சொல்லுடி. திவ்யா புள்ள பெத்து இங்கதான் வரப் போறா. கொழந்தயக் குளுப்பாட்டணும், தூக்கணும். என்னால குனியவே முடியல. சுகர் வேற. ஒடம்ப எப்படிடி எறக்குன?"

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் உள்ளே போனேன், அலமாரியைத் திறந்தேன், ஆறு உருப்படி கொண்ட சொப்பு செட்டை எடுத்து வந்து அண்ணி கையில் கொடுத்தேன். "மூணு வேளையும் இதுலயே சாப்புடுங்க அண்ணி. கொள்ளுக் கஞ்சி நல்லது" என்று பத்தியமும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே ரெண்டு போடலாம் என்று தோன்றுகிறது.

அண்ணி எடுத்த காரியத்தை விடமாட்டார். சொப்பிலேயே சாப்பிட்டார். என் வீட்டுக்காரர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா சுகர் மாத்திர போடறாங்க. சாப்புடாம மாத்திர போட்டா மயக்கம் வரும்டி. போய் உண்மையச் சொல்லிடு."

"வளைகாப்பு முடியட்டுங்க. சொல்லிடறேன்."

வளைகாப்பு வந்தது. அண்ணி வீட்டு வாசலில் பந்தல். கம்மாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் டெம்போ பிடித்து வந்து இறங்கினார்கள். நான் தாய்மாமன் பெண்டாட்டி, அதனால் முதல் வளையல் என் கையால். எட்டு மாதமாக ஆல்டர் செய்து ஆல்டர் செய்து ரவிக்கை முழுக்கத் தையலாகக் கிடந்தாலும், பட்டுப்புடவை இடுப்பில் சுற்றி மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு தடவை எழுந்து நடந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, வளையல் போட்டவர்கள் பெண்ணுக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்ட வேண்டும், பெண்ணும் பதிலுக்கு ஊட்ட வேண்டும். திவ்யா ஒரு கை சர்க்கரைப் பொங்கலை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"அத்தே, நீங்க சாப்ட்டாதான் நான் சாப்புடுவேன்."

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் கையைத் தட்ட முடியுமா? வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வாயோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எட்டு மாதம் கழித்து நெய்யும் வெல்லமும் முந்திரியும் நாக்கில் பட்டதே! முதல் வாய் பாசத்துக்கு. அடுத்த ஏழு வாயும் எனக்கு. பந்தலுக்குப் பின்னால் சமையல் நடக்கும் இடத்தில், அண்டா மறைவில் நின்று, தொன்னையில் வாங்கித் தின்றேன். விக்கல் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தேன். டயட்டீஷியன் கொடுத்த பேப்பரில் செய்யக்கூடாது என்று போட்டிருந்ததையெல்லாம் ஐந்தே நிமிடத்தில் செய்து முடித்தேன்.

முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும். உள்ளங்கை வேர்த்தது. அப்புறம் நெற்றி, முதுகு. நெஞ்சு படபடவென்று அடித்தது. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது மாதிரி இருந்தது. பந்தல் ஒரு சுற்று சுற்றியது. "என்னங்க..." என்று ஆரம்பித்தேன். அடுத்து நான் பார்த்தது பந்தல் துணியின் பூப்போட்ட டிசைன்.

"ஐயோ, வசந்தி வுழுந்துட்டா!" என்று அண்ணி அலறிக்கொண்டு ஓடிவந்தார். என் பக்கத்தில் வந்ததும் அவருக்கும் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. ஏதோ சொல்ல வந்தவர் நாக்கு குழற, என் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்து, மெதுவாகப் படுத்துவிட்டார்.

ஒருத்தி விழுந்தால் வெயில். இரண்டு பேர் விழுந்தால் சாப்பாட்டில் விஷம். பந்தலில் இதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

"சாப்பாட்டுல என்னமோ வுழுந்திருக்குது! பல்லியோ என்னமோ!"

"யாரும் கைய வைக்காதீங்க!"

நாலு பேர் வாய்க்காலோரம் ஓடித் தொண்டையில் விரலை விட்டார்கள். நன்றாக இருந்த சம்பந்தியம்மாளுக்கும் வயிறு வலித்தது. சமையல்காரர் கலியமூர்த்தி கரண்டியோடு வந்து நின்றார். ஆளுக்காள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"முப்பது வருசமா ஆக்கறேன். என் கைச்சோறு பத்தலன்னு சண்ட வந்திருக்குது, தின்னு வுழுந்தான்னு ஒரு பேரு இல்லம்மா!" அந்தப் பெரிய உடம்பு ஆளின் குரல் உடைந்தது.

அதைவிட மோசம், திவ்யா அழுதாள். "நானும் அதத்தானே சாப்ட்டேன்... கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?" கை நிறைய வளையலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் படுத்தபடியே பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

யாரோ அண்ணிக்கு ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்தார்கள். "இந்த வூட்டுல எதயும் குடுக்காத, எல்லாத்துலயும் வெஷம் இருக்கும்!" என்று ஒரு பெரியவர் தட்டிவிட்டார். அண்ணியின் கண் மேலே செருகியது.

போச்சு. இனி மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

"அண்ணிக்குச் சக்கர குடுங்க!" என்று கத்தினேன். தரையில் படுத்துக்கொண்டு கத்தினால் குரல் எவ்வளவு வரும்? அவ்வளவும் வந்தது. "அவங்களுக்கு வெஷம் இல்ல, பசி! சாப்புடாம சுகர் மாத்திர போட்டிருக்காங்க!"

"ஏன் சாப்புடல?"

"நான்தான் சொப்புல சாப்புடச் சொன்னேன்!"

"நீ சாப்ட்டு எளைச்சியே?"

"நான் சொப்புல எளைக்கல! பாண்டிச்சேரியில ஆபரேஷன் பண்ணி வயித்தச் சுருக்கித் தச்சிக்கிட்டு வந்தேன்! எனக்கு இனிப்பு ஆவாது. அண்டா மறைவுல ஏழு வாய் தின்னேன், அதான் வுழுந்தேன்! மாஸ்டர் மேல தப்பு இல்ல. திவ்யாவுக்கு ஒண்ணும் ஆவாது!"

பந்தல் அமைதியானது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டு விசேஷத்தில் அப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை. வாய்க்காலோரம் மட்டும் ஒருத்தர் இன்னும் ஓங்கரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

கலியமூர்த்தியே ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து அண்ணிக்குப் புகட்டினார். பத்து நிமிடத்தில் அண்ணி கண்ணைத் திறந்து, "டெம்போக்காரங்களுக்கு டீ குடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் ஒரே காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். டியூட்டி டாக்டர் பெண் எங்கள் சீட்டைப் படித்துவிட்டு, "நீங்க சாப்ட்டதால வந்திருக்கீங்க, அவங்க சாப்புடாததால வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அவள் போனதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வசனம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அண்ணி என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பிறகு கேட்டார்.

"ஆஸ்பத்திரியில எத்தன நாளுடி இருந்த?"

"அஞ்சு நாள் அண்ணி."

"கூட யாரு இருந்தா?"

"அவருக்கு லீவு கெடைக்கல. ரெண்டு நாளுதான் இருந்தாரு."

"மூணு நாளு தனியாவா கெடந்த? பாவி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கஞ்சி வச்சி எடுத்துக்கிட்டு வந்து ஒக்காந்திருப்பேன்ல?"

அழுதுவிட்டேன். அண்ணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். (திட்டினார். அது மறுநாள் ஆரம்பித்து ஒரு மாதம் நடந்தது. வளைகாப்பைக் கெடுத்ததற்குத் தனி, சொப்புக்குத் தனி.)

திவ்யாவுக்குப் பெண் பிறந்து, அது பள்ளிக்கூடம் போகிறது. அண்ணி டாக்டரிடம் கேட்டு முறையாகச் சாப்பிட்டு, நடந்து, பேத்தியைக் குனிந்து தூக்கிக் குளிப்பாட்டினார். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது தலைசுற்றல் என்று போன் வந்தால் இன்றுவரை முதலில் கேட்பது, "தின்னு வுழுந்தியா, தின்னாம வுழுந்தியா?" என்பதுதான். கலியமூர்த்தி மாஸ்டரும் எங்கே என்னைப் பார்த்தாலும் அண்டாவைக் கையால் மூடிக்கொள்கிறார்.

எனக்குக் கிடைத்த நிரந்தரத் தண்டனை வேறு. எந்தப் பந்தியிலும் அண்ணி என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொள்வார். இனிப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆள் வருவதற்கு முன்பே குரல் கொடுத்துவிடுவார்: "இந்த எலைக்கு ஸ்வீட் வைக்காதப்பா! இவளுக்கு வயிறு கோழிமுட்ட சைஸுதான், தச்சிருக்குது!" ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது என்று நான் மறைத்ததை, விருத்தாசலத்தில் இருக்கும் அத்தனை கல்யாண மண்டபத்திலும் ஒரு தடவையாவது அறிவித்தாகிவிட்டது. ஆனால் ஏறின எடை ஒரு கிலோ கூட இல்லை.

போன மாதம் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிரே ஒரு பெண். என் பழைய உடம்பு. இலையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, நீங்க முன்னாடி குண்டா இருந்தீங்களாமே..." என்று இழுத்தாள்.

"ஆபரேஷன்மா" என்றேன், நல்ல சத்தமாக. எங்கே, எத்தனை தையல், எதைத் தின்றால் விழுவோம் என்பதுவரை எல்லாம் சொன்னேன். அவள் போன் நம்பரும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தால் அண்ணி ஈரக் கையோடு நிற்கிறார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஏன்டி, நான் வர்றதுக்குள்ள என்னா அவசரம்? எல்லாத்தயும் நீயே சொல்லிட்டியா?"

வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.