முழுச் சம்மதம் தராதவர்

பாவிகளில் ஓர் உயர்ந்த இனம் உண்டு. செய்வதையெல்லாம் செய்வார், சம்மதிக்க மட்டும் மாட்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

சோதனை வருவது பாவமல்ல, மனம் இணங்குவதுதான் பாவம் என்கிறது திருச்சபை. ஆன்மாவையே கொல்லும் சாவான பாவமென்றால் காரியம் கனமாக இருக்க வேண்டும், தெரிந்து செய்ய வேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்ய வேண்டும். தொட்டதற்கெல்லாம் நடுங்குகிற எளிய மனசுக்காரர்களுக்கு ஆறுதலாகச் சொன்ன இந்த மூன்றையும் நம்மவர் வக்கீலைப் போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மச்சினன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, உறை பாதி திறந்துதான் கிடந்தது என்பார். மனைவியை அறைந்துவிட்டு, கை தானாக எழுந்துவிட்டது என்பார். கைக்குத் தனியாக ஞானஸ்நானம் கொடுத்தார்களோ என்னவோ!

நான் அறிந்தவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே தற்காலிக வேலையிலிருந்த டைப்பிஸ்ட் பெண், ஒரே கோயில்காரர் என்று நம்பி, வலிப்புக்கு மருந்து சாப்பிடுவதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வேலை நிரந்தரமாகும்வரை யாருக்கும் தெரிய வேண்டாமென்று கெஞ்சியும் இருந்தாள். நம்மவருக்கு நாக்கு அரித்தது. ஒன்பது நாள் போராடினார். பத்தாம் நாள் மேலாளர் அறைக்குப் போய், பாவம் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு, நீங்களும் ஒரு செபம் சொல்லுங்கள் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். மேலாளர் செபம் சொன்னாரோ இல்லையோ, அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மாலை நம்மவர், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார். மூன்றாவது பெஞ்சிலிருந்த எனக்கே கேட்கும் குரலில் கால்மணி நேரம் என்ன சொன்னார் தெரியுமா? தான் வென்ற சோதனைகளை! திட்டத் தோன்றியதாம், திட்டவில்லையாம். செபத்தில் கொட்டாவி வந்ததாம், அதற்கும் இணங்கவில்லையாம். டைப்பிஸ்ட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வெட்கங்கெட்ட மனுஷன்!

அவர் சாமியாரின் கூண்டை விட்டு வெளியே வந்தால், வரிசையில் அவள் நிற்கிறாள்.

"நீங்கதானே அண்ணே சொன்னது?"

"செபம் பண்ணத்தாம்மா சொன்னேன். மனசு முழுசா சம்மதிக்கவே இல்ல."

"என் வேலை முழுசாத்தானே அண்ணே போச்சு?"

அவர் முதல் பெஞ்சுக்குப் போய் முழந்தாளிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

காதைப் பொத்திக்கொண்டிருக்கலாமே என்று என்னைக் கேட்காதீர்கள். நானாகக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. உங்கள் கதை என்ன? படிக்கும்போதே ஒரு மாமாவின் முகமோ பக்கத்து வீட்டுக்காரர் முகமோ மனசில் வந்திருக்கும். வந்தது சோதனை, அதில் குற்றமில்லை. வந்த முகத்தை உட்காரவைத்து, டைப்பிஸ்ட் பெண்ணை மறந்து, இவ்வளவு நேரம் ரசித்துச் சிரித்தீர்களே, அதற்குச் சம்மதம் கொடுத்தது யார்?