பேசாத ஐந்து நாளும் ஒரு பங்களாக் கொலையும்

வெள்ளிக்கிழமை மதியம் வரை தாட்சாயணியோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முனிகிருஷ்ணன் முடிவு கட்டினார். நகரியில் நாலு பவர்லூம் ஓட்டுகிற மனிதர். தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்தவருக்கு ஐந்து நாள் ஒரு பெரிய விஷயமா?

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரே ஒரு சட்டம். யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றவர். தோற்றவர் மற்றவர் சொன்னபடி கேட்க வேண்டும். இந்தத் தடவை பந்தயம் தடாவில் ஒரு கிரகப்பிரவேசம். தாட்சாயணியின் தம்பி அருள்குமார் அங்கே வீடு கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறான். "வரணும்" என்றாள் அவள். "என் பொணம் கூட வராது" என்றார் அவர்.

கோபத்துக்கு வயது பதினொன்று. அருள்குமார் மகளின் மஞ்சள் நீராட்டு அன்று, வாழ்த்துப் பத்திரத்தை இவர் கையில் திணித்து, மைக்கையும் நீட்டி, "மாமா, நீங்க படிங்க" என்றான். முனிகிருஷ்ணன் நாலாங்கிளாஸோடு நின்றவர். தமிழ் எழுத்தும் அவர் கண்ணுக்கு ஆடும், தெலுங்கு எழுத்தும் ஆடும். ஒரு வரியில் இருப்பது அடுத்த வரிக்குத் தாவும். மைக்கில் அவருடைய இருமல் மட்டும்தான் கேட்டது. சபை சிரித்தது. வேண்டுமென்றே செய்தான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பிரமிளா வந்து நடுவில் நின்றாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான். பேச்சு மட்டும் அவள் வழியாகப் போக வேண்டும்.

"பிரமிளா, உங்கண்ணனை இட்லி துன்ன வரச் சொல்லு" என்றாள் தாட்சாயணி.

"அண்ணா, இட்லி துன்ன வரணுமாம்."

"காது கேக்குது. சட்னி இன்னான்னு கேளு."

"அக்கா, சட்னி..."

"எனக்கும் காது கேக்குது. வேர்க்கடலைன்னு சொல்லு."

"அப்புறம் நடுவுல நான் எதுக்கு?"

"சட்டம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிரமிளாவைப் பார்த்துச் சொன்னதால் அது கணக்கில் சேராது.

"இன்னொண்ணு சொல்லு பிரமிளா. பிரிட்ஜ் மேல ஒரு புத்தகம் கீது. திருப்பதியில நம்ம சந்தியா வாங்கினது. அதை இந்த வீட்டுல யாரும் தொடக்கூடாது."

சந்தியா அவர்களுடைய மகள். எழுத்து குழம்புகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள்.

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்னு சொல்லு" என்றார் முனிகிருஷ்ணன்.

மத்தியானம் கரெண்ட் போனது. தறி நின்றது. வீட்டில் பேசவும் ஆளில்லை. தொட்டார்.

தாள் சந்தன நிறம். எழுத்து பெரிசு. தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு இழை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. ஒன்றும் ஆடவில்லை. அவருக்குப் பயமாகிவிட்டது. புத்தகத்தை ஆட்டிப் பார்த்தார். அப்போதும் எழுத்து ஆடவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தின சீமைத் துப்பறியும் கதை, தமிழில். பனி கொட்டுகிற ஊரில் ஒரு பங்களா. பணக்காரக் கிழவி விஷப் பால் குடித்துச் செத்துக் கிடக்கிறாள். வீட்டில் ஆறு பேர். ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். ஆறு பேரும் தூங்கினால் பாலைக் கலந்தது யார்?

செவ்வாய்க்கிழமை டாக்டர் மேல் சந்தேகம். புதன்கிழமை சமையல்காரி மேல். அன்று சாயங்காலம் கதைக்குள் கிழவியின் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். முனிகிருஷ்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. எந்த வீட்டுக் குழப்பத்துக்குப் பின்னாலும் அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி இருப்பான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே அந்தத் தம்பி அக்காவுக்காகத் தேம்பி அழுதான். மறுபடியும் குழப்பம். அவர் கவனிக்காத தறியில் சிவப்புக் கரைக்குள் பச்சை நூல் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பால் வேணுமான்னு அக்கா கேக்குறாங்க" என்றாள் பிரமிளா.

"காய்ச்சுனது யாரு?"

"இன்னா?"

"காய்ச்சும்போது வீட்டுல யாரு யாரு இருந்தாங்கன்னு கேளு."

தாட்சாயணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கம். துப்பறிகிறவர் ஆறு பேரையும் கூடத்தில் உட்கார வைத்துக் கதவைத் தாழ் போட்டார். 'கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார். அவர் பெயர்...' முனிகிருஷ்ணன் பக்கத்தைத் திருப்பினார். 'முதல் பாகம் முற்றும்' என்று இருந்தது.

பிரிட்ஜ் மேல் தேடினார். பீரோவில் தேடினார். அரிசி டிரம்மில் கையை விட்டுத் துழாவினார். பிரமிளாவைக் கூப்பிட்டால் அவள் சித்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரே ஒரு ராத்திரி பொறுத்தால் ஜெயம். அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"தாட்சா, அடுத்த பாகம் எங்க?"

அவள் அடுப்பை அணைத்தாள். "சட்டம்" என்றாள்.

"தெரியும். தடாவுக்கு வரேன். புத்தகம் எங்க?"

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"எழுத்து ஆடல தாட்சா."

"ஆடுறவங்களுக்குன்னே அச்சுப் போட்டது. பெரிய எழுத்து, நிறைய இடைவெளி. அதான் ஒரே புத்தகத்துல அடங்கல."

"எனக்குன்னா கையில குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தா தொட்டிருப்பீங்களா?"

அவர் கையில் ஒட்டியிருந்த அரிசித் தூசைத் தட்டினார்.

"ரெண்டாம் பாகம் என் தம்பிகிட்ட கீது. அவனும் இப்பதான் படிச்சுக்கினு கீறான். அவனுக்கும் சின்ன வயசுலேர்ந்து எழுத்து ஆடும். அன்னிக்கு அந்தப் பத்திரத்தைப் படிக்க முடியாமத்தான் உங்க கையில திணிச்சான்."

முனிகிருஷ்ணன் அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம் பத்திரமாக வளர்த்த கோபம். அதை இனிமேல் எங்கே கொண்டு போய் வைப்பது?

வெள்ளிக்கிழமை தடாவில் பால் பொங்கியது. எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்தார்கள். அருள்குமார் குடித்து முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு இவர் குடித்தார். பிறகு பக்கத்தில் போனார்.

"மச்சான்."

"மாமா" என்றான் அருள்குமார். அவன் கண் கலங்கியது.

"அது கெடக்கட்டும். புத்தகம்."

அவன் எடுத்து வந்தான். முனிகிருஷ்ணன் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 'இரண்டாம் பாகம் முற்றும்.'

"மூணாவதும் கீதா?"

"கீது மாமா. குடிபாலாவுல உங்க பெரியண்ணன் வீட்டுல. அவரோட நீங்க பேசி பதினாறு வருஷம் ஆச்சுன்னு அக்கா சொன்னாங்க."