டம்ளர் வாங்கிய டீ

பெரம்பலூரிலேயே அதிகமாக டீ வாங்கியவர் டம்ளர்தான். ஆனால் அவர் ஒரு வாய் குடித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள்.

கார் மெக்கானிக் அவர்; டம்ளர் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். ரிப்பேர் முடிந்ததும், விளிம்புவரை டீ நிரம்பிய கண்ணாடி டம்ளரை ஓடும் எஞ்சின்மேல் வைப்பார். டீ அசைந்தால் வண்டி ஷெட்டைத் தாண்டாது. உள்ளே மாப்பிள்ளையே மாலையோடு உட்கார்ந்திருந்தாலும் தாண்டாது. அப்படி ஒருவர் நடந்தே மண்டபம் போய்ச் சேர்ந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் தாலுகா ஆபீசில் சேர்ந்த புதிது. திருச்சி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். "தையல் இன்னும் ஆறல. குலுங்காம கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஊருக்கு வந்து, டாக்டர் சொன்னதைப் பாடம்போல ஒப்பித்து, காசிம் பாயின் வாடகைக் காரைப் பேசினேன். காரோ நின்ற இடத்திலேயே நடுங்கியது.

டம்ளரிடம் போனோம். டீயை வைத்தார். எஞ்சினைப் போட்டதும் பாதி டீ பாயின் வெள்ளைச் சட்டையில்.

"டேம்பர் புல்லி போச்சு பாய்."

எஞ்சின் மூக்கில் சுற்றும் சக்கரம் அது. அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளுமாம். வளையம் வெடித்துக் கிடந்தது.

பெல்ட்டை அவிழ்த்து, நடு போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டி, பல் பிடுங்குவதுபோல் மெல்லத் திருகினார்.

"சுத்தியலால ரெண்டு போடு போட்டா வந்துரும்ல?" என்றார் பாய்.

"உங்க தலையில போட்டுப் பாக்கட்டுமா?"

ஷெட்டில் கிடந்த பழைய காரின் புல்லியை மாட்டியது அதைவிட மெதுவாக. எண்ணெய் தடவி, பள்ளம் பார்த்துப் பொருத்தி, நீள போல்ட்டை முடுக்கி நூல் நூலாக உள்ளே இழுத்தார்.

"அண்ணே, அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

"அவங்களுக்காகத்தானே தம்பி இந்தப் பாடு."

புது டீ வந்தது. அசையவில்லை. அப்பாடா என்று கதவைத் திறந்தால், முன்சீட்டில் டீயோடு அவர்!

"நீ எங்கய்யா வர்றே?" என்றார் பாய்.

"நிக்கிறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஓடுறப்ப பாக்கணும்."

திருச்சி போய், அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு திரும்பினோம். அவர் டீ டம்ளரை டேஷ்போர்டில் வைத்து, இரண்டு விரலால் அடியைப் பிடித்திருந்தார். டீ அசையும்போதெல்லாம் அறிவிப்பு: "இது ரோடு. எஞ்சின் இல்ல." பாடாலூர் தாண்டி மாடு ஒன்று குறுக்கே வர, பாய் பிரேக் போட்டார். "இது மாடு. எஞ்சின் இல்ல!"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வெக்காதீங்க தம்பி, தையல் இழுக்குது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெரம்பலூர் வரை டீயைப் பார்க்காமல், அம்மாவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் கட்டிலில் படுத்ததும் அம்மா, "தையலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தத் தம்பி டீதான் ஆறிப்போச்சு. வேற போட்டுக் குடுடா" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். எதன்மேல் வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, தனக்கென்றே போட்ட டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். டீ அசைந்தது.

அது ரோடும் இல்லை, எஞ்சினும் இல்லை.