ரைட் அண்ணனும் ஆகாய புட்போர்டும்

ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குவதில் ரைட் அண்ணனை அடித்துக்கொள்ள இந்த மலைநாட்டிலேயே ஆள் கிடையாது. கலஹா – பேராதனை பஸ்ஸில் அவர்தான் கண்டக்டர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருடைய பெண்சாதிக்கே மறந்திருக்கும். பஸ் நிற்கிற ஹோல்டில் யாராவது கையை நீட்டினால் போதும், பஸ் நிற்பதற்கு முன்பே இடது கால் தரையில் இருக்கும். பஸ்ஸோடு கூடவே ஓடி, தகரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார், பஸ் நிற்கும். ஆள் ஏறியதும் இரண்டு தட்டு, "ரைட்!" பஸ் வேகம் பிடித்த பிறகுதான் இவர் புட்போர்டில் தொற்றுவார். சட்டப்படி தப்பு என்று எனக்கும் தெரியும், நான் டீச்சர்தான். ஆனால் அதைப் பார்க்கிறதற்கென்றே நான் ஜன்னலோர சீட் பிடிப்பேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன மழையில் ஒரு வளைவில் கால் வழுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் உருண்டுவிட்டார். காயம் என்று பார்த்தால் முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பயம்தான் எலும்பு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து பஸ்ஸுக்குள்ளே நடுக்கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் முழுசாக நின்று, இன்னும் கொஞ்சம் நின்று, அப்புறம்தான் இறங்குவார். அதற்குள் பின்னால் வருகிற பஸ்காரன் எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

டிரைவர் வேறு யாருமில்லை, ரைட் அண்ணனுடைய பெண்சாதியின் அண்ணன். ஆனால் தொழில் வேறு, சொந்தம் வேறு என்கிற ரகம்.

"இந்த மாசம் பாப்பேன். பழையபடி எறங்கலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று பஸ் நிறைய ஆள் இருக்கும்போதே சொன்னார். ரைட் அண்ணன் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் வானத்திலிருந்து குதிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். டுபாயில் இருக்கிற தம்பி, பரசூட்டில் தொங்குகிற போட்டோவை அனுப்பி, "பாத்து பெருமூச்சு விடுக்கா" என்றான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பேராதனையில் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தினார். மாஸ்டர் என்போம். பூசை முடிந்த கையோடு அங்கே ஓடிவிடுவேன். பேச்சுவாக்கில் இதை பஸ்ஸில் சொன்னது என் வாய்க்கொழுப்பு. அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் ரைட் அண்ணன் மைதானத்தில் நிற்கிறார்!

"வானத்துலருந்தே எறங்கிட்டா அப்புறம் பஸ்ஸு என்னாங்க டீச்சர், பஸ்ஸு?"

குதிக்கிற நாளன்று எல்லாரையும் தங்கள் பஸ்ஸிலேயே கூட்டிப்போவதாகச் சொல்லி மாஸ்டரை வளைத்துப்போட்டிருந்தார்.

பயிற்சி என்பது மேசையில் குப்புறப் படுத்து, நெஞ்சைத் தள்ளி, கையையும் காலையும் தவளை மாதிரி விரிப்பது. அதில் ரைட் அண்ணன் கெட்டிக்காரர். தரையிறங்கும்போது இரண்டு காலையும் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றதும்தான் சண்டை. "இல்லீங்க மாஸ்டர், இடது கால மொதல்ல வச்சு ஓடணும். இல்லாட்டி மூஞ்சி பேந்துரும்." சரி, மேசையிலிருந்து குதித்துக் காட்டு என்றார் மாஸ்டர். பிள்ளைகள் எழுதுகிற மேசைதான். ரைட் அண்ணன் ஏறினார், பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்தார், வேர்த்து ஊற்றியது. இறங்கவில்லை. நாங்கள்தான் தூக்கி இறக்கினோம்.

"கிட்டத்துல தரை தெரியுதுங்க, அதான். மேல போயிட்டா தெரியாது பாருங்க" என்றார்.

முதல் தடவை யாரையும் தனியாக விடமாட்டார்கள். பரசூட்டை முதுகில் மாட்டியவர் நம்மை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். என்னை மாஸ்டரோடும், ரைட் அண்ணனை மாஸ்டரின் சிநேகிதரோடும் கட்டினார்கள். தம்புள்ளைக்கு அங்கிட்டு ஒரு பழைய ஓடுபாதை. சின்ன விமானம், எங்கள் பஸ்ஸைவிட அதிகமாக ஆடியது. மேலே போய்க் கதவைத் திறந்ததும் காற்று வந்து கன்னத்தில் அறைந்தது. கீழே பார்த்தேன். மாதாவே, தம்பி எக்கேடு கெட்டால் எனக்கென்ன, என்னை வீட்டுக்கு அனுப்பு!

"மாஸ்டர், வேணாம்" என்று கத்த வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர் எறங்கட்டும், வழி விடுங்க! பாத்து எறங்குங்க டீச்சர்!"

விமானத்தின் தகரத்தில் இரண்டு தட்டு. "ரைட்!"

பத்து வருஷமாக அந்தத் தட்டுக்குப் பழகிய உடம்பு. என்னைக் கேட்காமலே சாய்ந்துவிட்டது.

விழுந்தது, அலறியது, பரசூட் விரிந்தது எதையும் ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்த வாக்கில் வந்து சேர்ந்து, அழுது, சிரித்து, அண்ணாந்து பார்த்தால் விமானம் வட்டம் போடுகிறது. ஆள் வரவில்லை. மறுபடி வட்டம் போட்டது. அப்போதும் வரவில்லை. விமானம் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

"நான்தான் சொன்னேனே. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்" என்றார் பக்கத்தில் நின்ற டிரைவர். குரலில் கோபம்கூட இல்லை. என்னைத் தள்ளிவிட்ட மனுஷனைத் தள்ளிவிட அங்கே யாரும் இல்லையே.

விமானம் தரை தொட்டு, ஓடி, வேகம் குறைந்து எங்கள் பக்கம் ஊர்ந்து வந்தது. திறந்த கதவோரம் ரைட் அண்ணன். சிநேகிதரோடு கட்டிய கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அழுது வீங்கிய முகம். பரவாயில்லை அண்ணே என்று சொல்லத்தான் நினைத்தேன். இரைச்சலில் என்ன கேட்கும்? கையை நீட்டினேன்.

அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து ஒரு கை அவரை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அதற்குள் இடது கால் தரையில். விமானத்தோடு கூடவே ஓடி, அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டி, என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கங்க டீச்சர், பேராதனையா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். ஊர்ந்துகொண்டே போகும் விமானத்தைப் பார்த்தார். மாஸ்டர் சிங்களத்தில் விட்ட ஏச்சை இங்கே எழுத முடியாது. டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு மொத டிரிப்புக்கு நேரத்துக்கு வந்துரு" என்றார்.

நான் நிற்கிற ஹோல்டில் என்னைக் கண்டாலே பஸ் நிற்கும்; கை நீட்ட வேண்டியதே இல்லை. ஆனாலும் வளைவில் அதன் மூக்குத் தெரிந்ததும் நன்றாகக் கையை நீட்டிவிடுவேன். அண்ணன் இறங்கட்டும்.