கிளிக்கரும் என் பிறென்னரும்

கடவுள் எனக்குப் பொறுமையைத் தந்தது பிள்ளை வளர்ப்பதற்கு என்றுதான் நெடுங்காலமாக நினைத்திருந்தேன். இல்லை. சுவிஸ் மலையூரான டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் கிளிக்கர் என்ற மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே தந்திருக்கிறார். அதுவும் போதவில்லை. இரண்டாவது பனிக்காலத்திலேயே முழுவதும் தீர்ந்துவிட்டது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களில் எவருக்கும் அது தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவரைப் பழித்துப் பட்டம் வைத்தாலும் கடைசியில் ஓர் 'அர்' போட்டு மரியாதையாகத்தான் வைப்போம். அப்படி வந்தவர்தான் கிளிக்கர். கோப்பை கழுவும் பகுதிக்கு அவர்தான் பெரியவர். பென்ஷனுக்குக் கிட்டிய வயது. அந்த ஹோட்டலில் மனேஜர்மார் மாறினார்கள், கம்பளம் மாறியது, மெஷின் மாறியது, அவர் மட்டும் மாறவில்லை.

நான் இனிப்புப் பகுதி. முட்டையும் பாலும் சேர்த்து அவித்த புட்டிங்கின் மேல் சீனியைத் தூவி, நெருப்பை நேராகப் பிடித்துக் கருக்கி, கண்ணாடி போல இறுக விட்டு அனுப்ப வேண்டும். அதற்கென்று கையில் பிடிக்கிற சின்ன காஸ் விளக்கு ஒன்று இருக்கிறது. குசினியில் எல்லோரும் அதைப் பிறென்னர் என்பார்கள். அது இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. என்னிடம் அது இல்லாமல் போனதற்கெல்லாம் காரணம் கிளிக்கர்.

கதை இப்படித்தான் தொடங்கியது. கொழும்பு லொட்ஜில் பிடிக்கத் தொடங்கிய சிகரெட்டை டாவோஸ் வரைக்கும் அணையாமல் கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர். நொஷாட்டலில் இருக்கிற மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாள் முந்திப் பிறந்த பிள்ளை, நெஞ்சு பலவீனம். மகள் போனில் சொல்லிவிட்டாள்:

"அப்பா, கோவிக்காதேங்கோ. உங்களில சிகரெட் மணந்தா பிள்ளையைத் தூக்கத் தரமாட்டன். கொஞ்சம் பெரிசானதும் நானே கொண்டு வாறன். அதுக்குள்ள விட்டிடுங்கோ."

அன்றைக்குத் தன் லைட்டர்களை எல்லாம் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். "தங்கச்சி, இதுகளை எறி. பேரப்பிள்ளையின்ர உச்சியை மோந்து கொஞ்சாம நான் செத்துப்போனா என்ர கட்டை வேகாது" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கியிருக்கக் கூடாது. அடுத்த கிழமையே என் பிறென்னரைக் காணவில்லை.

சாமான் இறக்குகிற பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் என் பிறென்னர். மறு கையில் விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய். அதன் நுனியில் ஒரு தொப்பி. தொப்பிக்குள் காய்ந்த இலை. சுடரில் வைத்துக் குழாயை உருட்டிக்கொண்டே இருந்தார். 'கிளிக்' என்றது. உடனே வாயில் வைத்து இழுத்தார்.

"என்ன அண்ணை இது?"

"பொறு பிள்ளை, கதைக்காத." கண்ணை மூடினார். இன்னொரு 'கிளிக்' வந்தது. கண்ணைத் திறந்தார். "முதல் கிளிக், சூடு காணும் எண்டு சொல்லுது. ரெண்டாவது கிளிக், ஆறிப்போச்சு எண்டு சொல்லுது. இடையில இழுக்க வேணும். இலை எரியாது, புகை இல்லை, ஆவி மட்டும். நாங்கள் தடிமனுக்கு வேது பிடிக்கிறேல்லையோ? அதைப் பொக்கற்றுக்குள்ள போட்ட மாதிரி."

"உள்ளுக்க என்ன இலை?"

"சல்பை."

சல்பை என்பது தொண்டை நோவுக்கு இங்கே தேத்தண்ணி போட்டுக் குடிக்கிற இலை. மருந்துக் கடையில் பெட்டியில் விற்கிறார்கள். இவருடைய டொக்டர், "நுரையீரலுக்குக் காற்றைத் தவிர வேறொன்றும் நல்லதில்லை" என்று சொல்லியிருக்கிறார். "அவர் சொல்லுறது சரிதான், ஆனா முதல்ல சிகரெட்டை விடுவம், பிறகு இதை விடுவம்" என்பது இவருடைய தீர்ப்பு.

ஒரு குழாயோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதம் கண்ணாடியில் ஒன்று வந்தது. அதற்கடுத்து மர உறை போட்ட தடித்த ஒன்று. மூன்றையும் பின்வாசல் படியில் துணி விரித்து வைத்து, மத்தியான இடைவேளையில் ஒப்பிட்டுப் பார்ப்பார். பார்ப்பதென்றால் சும்மா இல்லை, ஆள் பிடித்து வைத்து விளக்கம் சொல்லிப் பார்ப்பார். பிடிபட்ட ஆள் பெரும்பாலும் நான்தான். பிறென்னரைத் திருப்பி வாங்குவதற்கு எப்படியும் நான் அங்கே போக வேண்டியிருந்ததே.

"இந்தா பார், கண்ணாடி. நல்ல ருசி. இலை பொன் நிறமாகிறது கண்ணுக்குத் தெரியும். ஆனா கிளிக் இல்லை. கொஞ்சம் அசந்தால் கருகிப்போம். இது மரம். சூடேற நேரமெடுக்கும், ஏறினா இலேசில ஆறாது. ஆனா எப்ப ஏறினது எண்டு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எஃகு இருக்கே, அது நேர்மையான சாமான். வாய் திறந்து சொல்லும்."

"அண்ணை, மேல பன்னிரண்டாம் மேசை புட்டிங் கேட்டுக்கொண்டு நிக்குது."

"எஃகில ஒரு குறை இருக்கு. காத்தடிச்சா உடனே ஆறிப்போகுது."

"பன்னிரண்டாம் மேசை!"

"அதுதான் பிள்ளை சொல்லுறன், டாவோஸ் குளிருக்கு..."

என் தலைவிதியை நொந்துகொண்டு பிறென்னரைப் பறித்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் பிறென்னரை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்குக் குழாயைக் கொண்டுபோய் இண்டக்ஷன் அடுப்பில் நிறுத்திவைத்தார். பெரிய பானைக்குச் செய்த அடுப்பு, இவ்வளவு சின்னச் சாமானை அது பானையாக மதிக்கவில்லை. 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. சூப் செய்கிற பையன் ஓடிவந்து எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் பூட்டவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கோயிலில் ஒரு மனிசி என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்து, "உங்கட குசினியில ஒருத்தர் கஞ்சா அடிக்கிறாராம், உண்மையோ?" என்று கேட்டாள். "சல்பை அக்கா, தொண்டைக்குக் குடிக்கிறது" என்றேன். "அதையேன் ஒளிச்சு நிண்டு அடிக்கிறார்?" என்று கேட்டாள். கேள்விப்பட்ட கிளிக்கர், அடுத்த பூசைக்கு மருந்துக் கடைப் பெட்டியையே கொண்டுவந்து, அர்ச்சனைத் தட்டோடு ஏந்திக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். அதற்குச் சாட்சி சொல்ல என்னையும் பக்கத்தில் நிறுத்தினார். வேலிக்கு ஓணான் சாட்சி. அன்றிலிருந்து கோயிலில் என்னையும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.

அந்தக் கதை எப்படியோ எங்கள் செஃபின் காதுக்கும் போனது. செஃப் இந்த மலைப்பகுதி ஆள். கதவளவு உடம்பு. சிரிப்பை வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுத்த நாள் மகள் குழந்தையோடு வரப்போகிற சந்தோஷத்தில் கிளிக்கர் மிதந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, பின்வாசலுக்கு வந்து நின்றார்.

"என்ன இலை அது?"

"சல்பை, செஃப். வெறும் சல்பை."

"நிச்சயமா?"

"நீங்களே இழுத்துப் பாருங்கோ, செஃப்!"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைகளில் ஊழியர் சாப்பாட்டுக்கு நான் கோழிக்கறி வைப்பேன். அதற்காகச் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் கறுக்க வறுத்து அரைக்கிற குட்டி கிரைண்டர் ஒன்று குசினித் தட்டில் இருக்கும். அன்றுவரை கிளிக்கர் சல்பையைக் கையால்தான் கசக்கிப் போட்டுவந்தார். மகள் வருகிறாள், எல்லாம் திறமாக இருக்க வேண்டும், இலை ஒரே அளவில் குறுணலாக இருந்தால்தான் சூடு ஒரே சீராகப் பரவும் என்று யோசித்திருக்கிறார். யோசித்தவர் என்னிடம் கேட்டாரா? இல்லை. என் கிரைண்டரை எடுத்து அரைத்துவிட்டார். கழுவிவிட்டாவது அரைத்தாரா? அதுவும் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

'கிளிக்' என்றது. செஃப் தன் பெரிய நெஞ்சு நிறைய இழுத்தார்.

முதலில் சத்தமே வரவில்லை. முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. பிறகு வந்த இருமலில் மேலே சாப்பாட்டு மண்டபத்தில் ஆட்கள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, செஃப் பால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கிளிக்கர் அவர் முதுகைத் தடவித் தடவி, "அப்பிடித்தான் செஃப், சளி எல்லாம் வந்திடும்" என்று தமிழில் ஆறுதல் சொன்னார்.

பேச்சு வந்ததும் செஃப் மூன்று குழாய்களையும் என் பிறென்னரையும் அள்ளிக்கொண்டுபோய்த் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "திங்கட்கிழமை பேசுவோம். அதுவரை இந்தக் கட்டடத்தில் இதைக் கண்டால் வேலை இல்லை." எனக்குப் பிறென்னர் வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வந்து கேட்டு வாங்க வேண்டும். என் பிறென்னருக்கு நான் மனுப் போட வேண்டும்! அன்று கிளிக்கரை நான் ஏசிய ஏச்சு இந்தப் பத்திரிகையில் அச்சேறாது.

ஞாயிறு காலை குசினி அமைதியாக இருந்தது. கிளிக் இல்லை. விளக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா பத்து மணி வரைக்கும்தான் நின்றது. பின்னாலே ஒரு கோப்பை உடைந்தது. பிறகு இன்னொன்று. இவ்வளவு காலத்தில் கிளிக்கர் கையால் கோப்பை உடைந்து நான் கண்டதில்லை. போய்ப் பார்த்தேன். ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் ஸ்டேஷனுக்குப் போறன்."

"மகளின்ர ரயில் வர இன்னும் நேரம் கிடக்கே அண்ணை?"

"ஓம். சும்மா நிண்டு கொண்டிருப்பம் எண்டு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மற்றக் கடையெல்லாம் பூட்டு, ஸ்டேஷனில் திறந்திருப்பது கியோஸ்க் என்கிற பெட்டிக்கடை மட்டும். கியோஸ்க்கில் என்ன விற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இத்தனை மாதமாக என் உயிரை எடுத்து அவர் விட்டொழித்த சிகரெட் இன்றைக்கு, அந்தப் பிள்ளை வருகிற நாளில், திரும்பி வாய்க்குப் போகப் போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே செஃபின் அறைக்குப் போனேன். குழந்தை, பலவீனமான நெஞ்சு, மகள் வைத்த நிபந்தனை எல்லாவற்றையும் என் அரைகுறை ஜெர்மனில் கொட்டினேன். அந்தச் சனியன் பிடித்த கிளிக்குக்காக நானே வழக்காடுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

செஃப் தொண்டை நோவுக்கான இனிப்பு ஒன்றைச் சூப்பிக்கொண்டிருந்தார். "நேற்று என் தொண்டைக்குள் போனது என்ன?" என்று கேட்டார்.

"கோழிக்கறித் தூள், செஃப்."

"நல்ல கறிதான்" என்றார். "சாப்பிட்டால்." இழுப்பறையைத் திறந்து எஃகுக் குழாயையும் பிறென்னரையும் எடுத்து நீட்டினார். "கண்ணாடியைக் கொடுக்க மாட்டேன், அதில் கிளிக் இல்லை என்று உங்கள் ஆள் எனக்கும் விளங்கப்படுத்தியிருக்கிறார்."

ஏப்ரனோடும் குசினிச் செருப்போடும் பஸ் ஏறினேன். கிளிக்கர் கியோஸ்க்குக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் புதுப் பெட்டி. கண்ணாடித் தாள் இன்னும் கிழிபடவில்லை. நகம் அதன் ஓரத்தில் நின்றது.

பெட்டியைப் பறித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். குழாயை அவர் கையில் திணித்துப் பிறென்னரைக் கொளுத்தினேன். காற்று அணைத்தது. ஏப்ரனை விரித்து மறைத்துக்கொண்டு மறுபடி கொளுத்தினேன்.

"உருட்டுங்கோ அண்ணை!"

உருட்டினார். அந்தக் குளிரில் அது சூடேறுவதாகவே இல்லை. "கேக்குதோ?" என்றேன். "இல்லை" என்றார். "விசர்ச் சாமான்! கத்தித் தொலையன்!" என்று நான் குழாயைப் பார்த்துக் கத்த, பிளாட்ஃபார்மில் நின்ற ஒரு குடும்பம் பெட்டியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனது.

'கிளிக்.'

இழுத்தார். உடனே இருமத் தொடங்கினார், கண்ணால் மூக்கால் எல்லாம் ஓடியது. தொப்பிக்குள் கிடந்தது சனிக்கிழமை மிச்சம்!

ரயில் வருவதற்குள் வாய் கொப்பளித்து, கை கழுவி, பையில் கொண்டுவந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மகள் இறங்கினாள். நெஞ்சோடு கட்டிய துணிக்குள் குழந்தை. தகப்பனைக் கட்டிப்பிடிக்கிற சாட்டில் அவர் தலையை மோந்தாள், கழுத்தை மோந்தாள், விரல் விரலாக எடுத்து மோந்தாள். சின்னப் பிள்ளையை மோந்து பார்க்கிற மாதிரித் தகப்பனை மோந்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

"அப்பா..." என்றாள். "உங்களில கோழிக்கறி மணக்குது."

துணியை அவிழ்த்து, குழந்தையை அவர் கையில் வைத்தாள். கிளிக்கர் குனிந்து அதன் உச்சியில் மூக்கை வைத்து மெதுவாக இழுத்தார். அவ்வளவு நேரம் இழுத்ததை நான் எஃகிலும் பார்க்கவில்லை, கண்ணாடியிலும் பார்க்கவில்லை, மரத்திலும் பார்க்கவில்லை.

இப்போது அவர் பென்ஷன் எடுத்து நொஷாட்டலில் இருக்கிறார். பேரன் ஏரிக்கரையில் ஓடுகிறானாம், இவர் பின்னால் ஓடுகிறாராம். சொன்னபடி குழாயையும் விட்டுவிட்டார். போகிற அன்று எஃகுக் குழாயை என் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, "நீ கவனமா வைச்சிரு தங்கச்சி" என்றார். சிகரெட்டே தொடாத எனக்கு அது என்னத்துக்கு? குசினி இப்போது நிம்மதியாக இருக்கிறது. பிறென்னர் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. பன்னிரண்டாம் மேசைக்குப் புட்டிங் நேரத்துக்குப் போகிறது.

சில மத்தியானங்களில், கடைசிப் புட்டிங்கும் போன பிறகு, அந்த வெறுங்குழாயைச் சுடரில் பிடித்து உருட்டுகிறேன். முதல் கிளிக் வந்ததும் அணைத்துவிட்டு, இரண்டாவது வரும்வரை நின்று கேட்கிறேன்.