ஊசி போட்டவருக்கு ஓர் இனாம் யோசனை

1986-ஆம் வருஷத் தை அமாவாசையன்று காலை ஏழு மணிக்கு, செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ் புறப்பட்டபோது, ஐம்பது பேருக்கான இடத்தில் நூறு பேரும் ஓர் இனாம் ஆலோசகரும் இருந்தார்கள்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். டாக்டர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதையா எழுதிக் குடுத்தாரு?" என்று உதட்டைப் பிதுக்குபவர். உங்களுக்கு என்ன காய்ச்சல் வந்தாலும், அவர் மச்சானுக்கு அது போன வருஷமே வந்துபோயிருக்கும். சர்க்கரை வியாதி என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பாகற்காய், வேப்பங்கொழுந்து, ஆவாரம்பூ, நாவல்கொட்டை என்று தொடங்கி, உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை விசாரித்து, கடைசியில் அந்த டப்பாவிலிருந்தே இரண்டு கரண்டி போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இளையபெருமாள் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய பக்கத்து வீட்டுக் கன்னியப்பனுக்கு இன்சுலின் ஊசி எழுதி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, ஈர மணலில் புதைத்த பானையிலிருந்து மருந்தை எடுத்து, கோடு பார்த்து ஏற்றுபவள் மனைவி விருத்தாம்பாள். முதல் நாள் அவள் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். நர்ஸ் தாஹிராதான் அவளுக்கு விளங்கவைத்தாள்.

"ரேஷன் கடையில அரிசி மூட்ட மூட்டையா கெடக்குது. அளந்து போட ஆள் இல்லன்னா உங்க அடுப்பு எரியுமா? துன்ற சோறு சக்கரையாயி ரத்தத்துல கெடக்குது. அத ஒடம்புக்கு அளந்து குடுக்கற ஆளுதான் இன்சுலின். உங்க வூட்டுக்காரருக்கு அந்த ஆள் சரியா வேலைக்கு வர்றதில்ல, ஊசியில அனுப்பறோம். ஆனா ஊசி போட்டா நேரத்துக்குச் சோறு போட்டுடணும், ஆமா."

அன்றும் ஊசி போட்டாயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து கன்னியப்பன் இட்லிப் பொட்டலத்தை அவிழ்த்தார். அவ்வளவுதான்.

"இன்னாபா இது! ஊசி போட்டு சக்கரைய எறக்குவ, இட்லி துன்னு ஏத்துவ? அமாவாச அதுவுமா வயித்தக் காயப்போடு. ஊசி ரெண்டு பங்கு வேல செய்யும்!" என்றார் இளையபெருமாள்.

"நர்சம்மா சாப்புடணும்னாங்களேண்ணா," என்றாள் விருத்தாம்பாள்.

"அது சின்னப் பொண்ணு, படிச்சதச் சொல்லுது. நான் பாத்ததச் சொல்றேன்."

கன்னியப்பன் பொட்டலத்தை மடித்தார். வீணாகப் போகக் கூடாதே என்று இளையபெருமாளே அந்த இட்லியைச் சாப்பிட்டார்.

ஊசி இரண்டு பங்கு வேலை செய்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

வழியெல்லாம் ஊர்ந்த பஸ் ஒன்பதரை மணிக்கு மேல்மலையனூர் எல்லையில் கூட்டத்துக்குள் சிக்கி நின்றது. கன்னியப்பனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தை மாதக் குளிரில்! கை வெடவெடவென்று ஆடியது. மனைவியைப் பார்த்து, "கண்டக்டர், அவலூர்பேட்டைக்கு ரெண்டு," என்றார்.

"அம்மா வந்துட்டா!" என்று பின் சீட்டு கும்பிட்டது.

"சக்கர ஏறிடுச்சு," என்றார் இளையபெருமாள்.

விருத்தாம்பாளுக்கு ரேஷன் கடை கண்முன் வந்து நின்றது. இன்று ஆள் வந்துவிட்டான், மூட்டைதான் வரவில்லை. இருந்ததையும் அள்ளிக் கொடுத்துக் கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறான். அவள் ஜன்னலுக்கு வெளியே இனிப்புக் கலர் சோடா விற்றவனிடம் கையை நீட்டினாள். இளையபெருமாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சக்கரக்காரனுக்குக் கலரா? தாலிய அறுத்துக்கப் போறியா?"

"அறுக்கறது நீங்கதாண்ணா! இட்லியத் துன்னீங்க, ஆளையும் துன்னுடுவீங்களா? உடுங்க கைய!"

முழங்கையால் ஓர் இடி. பாட்டில் கைக்கு வந்தது. நல்லவேளை, கன்னியப்பனால் இன்னும் விழுங்க முடிந்தது. மடக்கு மடக்காக ஒரு பாட்டில், பிறகு இன்னொன்று. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கன்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"என் இட்லி எங்கடி?"

விருத்தாம்பாள் அப்போதுதான் அழுதாள். இளையபெருமாளுக்கு வெளியே கூட்டத்தில் யாரோ தெரிந்தவர் தென்பட்டார்போலும், இறங்கிப் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து, நெய்வேலிக்கு மகன் வீட்டோடு போய்விட்ட இளையபெருமாளிடமிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது.

"அன்புள்ள கன்னியப்பா, நலம். அன்று பஸ்ஸில் நான் உனக்குக் கலர் வாங்கி ஊற்றி உயிரைக் காப்பாற்றியதை இங்கே எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இதெல்லாம் டாக்டர்களுக்கு எங்கே தெரிகிறது? நீயும் நாலு பேருக்குச் சொல்."

அந்த நாலு பேர் யார் யார் என்று உங்கள் மனதில் இப்போதே பெயர்கள் ஓடுகின்றனவே, நீங்கள் எந்த இனம்?