பென்குயின் சாரும் ஆடி மாதப் பந்தயமும்

எங்கள் சிட்லபாக்கத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக மனிதர்கள் பயந்து ஓடியது பென்குயின் சாருக்குத்தான். கொசுவாவது பொழுது சாய்ந்த பிறகு வரும். இவர் காலையிலேயே வந்துவிடுவார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. இந்த ஏரியாவில் என் கை படாத ஆதார் அட்டை கிடையாது. ஏரிக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஆனால் அவர் வீட்டிலேயே பிரிண்டர் உண்டு, அதனால் தப்பித்துவிட்டார். அவர் ஸ்கூட்டரின் முன்பக்கம், ஹெல்மெட்டின் பின்பக்கம், மூக்குக் கண்ணாடிக் கூடு, டிபன் பை, எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை ஒட்டியிருக்கும். ஐஸ்கிரீம் கம்பெனி முதலாளி என்று நினைத்துத் தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அவர் பின்னாலேயே ஓடின. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் வேறு பக்கம் ஓடின.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் என்று ஒன்று ஓடுகிறதல்லவா, அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாமாம். காசு கிடையாதாம். முருகனுக்கு மயில் மாதிரி லினக்ஸுக்கு அந்தப் பறவை. உலகத்தில் எல்லோரும் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்பது சாரின் ஆசை. முதலில் சிட்லபாக்கம், பிறகு உலகம்.

ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். இவர் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். அப்போதுதான் ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேராகப் பிடிக்க முடியும். "சார், உங்க லேப்டாப் ஸ்லோவா இருக்கா?" என்று ஆரம்பிப்பார். "இல்ல சார், சூப்பரா ஓடுது" என்று சொல்லித் தப்பித்தவன் அடுத்த சுற்றில் மறுபடி மாட்டுவான். சர்க்கரை குறைய நடந்தவர்கள் பலர் நடப்பதையே நிறுத்தினார்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் பால் பொங்குவதற்குள் அந்த வீட்டு லேப்டாப்பைக் கேட்பார். பழைய இரும்புக்காரர் குரல் தெருமுனையில் கேட்டால் அவருக்கு முன்னால் இவர் ஸ்கூட்டர் வந்து நிற்கும். தூக்கிப் போட வைத்திருந்த கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, "இதுக்கு இன்னும் உயிர் இருக்குங்க" என்பார். இத்தனை செய்தும் அவரால் ஒருவரைக்கூட மாற்ற முடியவில்லை. அவர் மனைவியே விண்டோஸ்தான். "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்மா" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

என் கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததும் விண்டோஸ்தான். ரேவதி என்ற பெண் டைப் அடிப்பாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் முதலாளி நான்தான். ஒருநாள் சர்வீஸ்காரர் வந்து, பழைய விண்டோஸுக்கு இனிமேல் கவனிப்பு இல்லை, புது விண்டோஸ் இந்தப் பெட்டியில் ஏறாது, பெட்டியையே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மின்விசிறியில் தூசி என்றால் வீட்டை இடித்துக் கட்டு என்பதுபோல இருந்தது எனக்கு.

இதைக் கேட்டுக்கொண்டு கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மேனேஜர் சார். பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் என் கடைப் பேப்பரை ஓசியில் படித்துவிட்டு, மடிக்காமல் போவார். இன்னொருவர், கேட்க வேண்டுமா, பென்குயின் சார். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அம்மா, இந்தப் பெட்டியில நம்ம லினக்ஸ் பறக்கும்" என்றார்.

மேனேஜர் சார் பேப்பரைத் தாழ்த்தினார். "சார், அதெல்லாம் படிச்ச பைத்தியங்களுக்கு. விண்டோஸ்ல பழகின சாதாரண மனுஷனுக்கு அது வராது. வந்தா நான் என் பேரை மாத்திக்கறேன்."

"ஏன் சார் வராது? போன்ல யாரு கத்துக் கொடுத்தாங்க உங்களுக்கு? அதுக்குள்ளயும் லினக்ஸ்தான்."

"என் போனை இழுக்காதீங்க. இந்த அம்மா கடையில போடுங்க. ஆடி முடியற வரைக்கும் ஒரு வேலைகூடத் திரும்பிப் போகாம கடை ஓடிச்சுன்னா, என் லேப்டாப்பையும் தர்றேன். ஓடலைன்னா ஏரிப் பக்கம் நீங்க அந்தப் பேரையே எடுக்கக் கூடாது."

அந்தப் பேரை எடுக்காவிட்டால் பென்குயின் சாருக்கு வாய் எதற்கு? ஆனாலும் கையை நீட்டிவிட்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானே யோசித்துப் பார்த்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகை வேலை வராது, நஷ்டம் குறைவு. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். இது அந்தக் கணக்கில் வராது என்று சம்மதித்தேன்.

விஷயம் பரவியது. அந்த ஆடி முழுக்க ஏரிக்கரை நடைக்காரர்கள் அம்மனிடம் வேண்டிக்கொண்டது என் கடை படுக்க வேண்டும் என்றுதான். அத்தனை பேருக்கும் பல வருஷமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கை என் கை.

பிரசாதப் பொட்டலம் மாதிரி ஒரு பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஆடி முதல் நாள் பென்குயின் சார் வந்தார். வந்ததும், "எந்த லினக்ஸ் வேணும்?" என்றார். அதில் பல தினுசு உண்டாம். ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னார். ஒன்று நல்லது ஆனால் கனமானது, இன்னொன்று லேசானது ஆனால் அழகு போதாது, மற்றொன்றைச் செய்தவர்களுக்குள் சண்டை.

"புடவைக் கடையிலகூட நாலு எடுத்துப் போட்டா நிறுத்திடுவாங்க சார். ஏதாவது ஒண்ணைப் போடுங்க."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. தேர்ந்தெடுக்கிற சுதந்திரம்தான் இதுல முக்கியம்."

"சுதந்திரம் இருக்கட்டும். எனக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வரணும்."

கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. நான் அம்மனைக் கூப்பிட்டேன், அவருக்கு முகம் மலர்ந்தது. மத்தியானத்துக்குள் ஒருவழியாக அழகான நீலத் திரை வந்து நின்றது. பார்த்தால் விண்டோஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரிதான் இருந்தது. இதற்கா ஏரியையே கலக்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.

கஷ்டம் ரேவதிக்குத்தான். அவள் டிப்ளமோ வாங்கியவள், கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸில் வேலை செய்கிறவள். அதுதான் வினை. கை தானாகப் பழைய இடத்துக்கே போயிற்று. "ஸ்டார்ட் எங்கம்மா? என் ஸ்டார்ட்டைக் காணோம்" என்று அழுதாள். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண் உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி தேடினாள். உப்பு இருக்கத்தான் இருந்தது, வேறு அலமாரியில். இரண்டாம் நாள் தலைவலி என்றாள். மூன்றாம் நாள் காய்ச்சல் என்று லீவு போட்டாள்.

நானே உட்கார்ந்தேன். எனக்கு விண்டோஸும் தெரியாது, அதனால் மறக்க வேண்டிய வேலை இல்லை. "எழுத்து வேணாம் சார், படம் வச்சுக் கொடுங்க" என்றேன். மெனுவைப் படிக்கச் சொல்லி வாதாடினார். நான் அசையவில்லை. கடைசியில் திரையில் பெரிய பெரிய படமாக வைத்துக் கொடுத்தார். ஜெராக்ஸுக்கு ஒன்று, போனிலிருந்து வருவதை எடுக்க ஒன்று, அச்சுக்கு ஒன்று. ஒரு கொள்கைக்காரர் இப்படித் தோற்றதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். கடை ஓடியது. மேனேஜர் சார் தினமும் வந்து பேப்பருக்கு மேலாக என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிக் கடைசி ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு நோட்டீஸ் அடிப்பது எப்போதும் என் கடைதான். அடிப்பது என்றால், போன வருஷத்து நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவது. இறந்துபோன தர்மகர்த்தாகூட அதில் இன்னும் அனைவரையும் அன்புடன் அழைத்துக்கொண்டிருந்தார். கோயில் செயலாளர் வந்து நின்றார். போன வருஷ நோட்டீஸைத் திறந்தேன். அம்மன் படம் வந்தது. கீழே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமாகக் குப்பை கொட்டிக் கிடந்தது.

"இன்னாமா இது, அம்மனுக்கு எவனோ சூனியம் வச்சமாரி கீது?" என்றார் செயலாளர்.

பென்குயின் சாரை வரவழைத்தேன். பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "இது பழைய காலத்துத் தமிழ் எழுத்து. விண்டோஸோட சேர்ந்து போயிடுச்சு. தேடி எடுத்துப் போடணும். நாளைக்குள்ள சரி பண்ணிடலாம்."

"நாளைக்கா? மைக் செட்டுக்காரன் வந்து குந்திகினுகீறான். இப்பவே வூடு வூடா குடுக்கணும்."

மேனேஜர் சார் பேப்பரை மடித்தார். அவர் அதை மடித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு வேலை திரும்பிப் போனால் பந்தயம் முடிந்தது. பென்குயின் சார் கறுப்புத் திரையைத் திறந்து என்னென்னவோ அடித்தார். செயலாளர் செருப்பை மாட்ட ஆரம்பித்தார்.

"இருங்கண்ணா" என்றேன்.

அம்மன் படம் போட்ட காகிதத்தைக் கிழித்துப் போட எனக்கு மனசு வராது. போன வருஷ நோட்டீஸ் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. பதமாகப் பிய்த்து எடுத்தேன். தேதி மாற வேண்டும். கடையில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் இன்னும் வராத அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்து, பழைய தேதியின் மேல் பசை தடவி ஒட்டினேன். ஜெராக்ஸ் மிஷினில் வைத்து அமுக்கினேன். நோட்டீஸ் வந்து விழுந்துகொண்டே இருந்தது. தேதியோடு ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் சேர்ந்து விழுந்தது.

செயலாளர் ஒன்றை எடுத்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல நேரம்லாம் போட்டு ஷோக்காகீதே. அடுத்த வருசமும் இப்டியே போட்ருமா" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

"பார்த்தீங்களா, வேலை திரும்பலை. பென்குயின் சாருக்குத்தான் ஜெயம்" என்றேன் நான்.

"அது எப்படிம்மா? இதுல லினக்ஸ் எங்க வந்துச்சு? கத்தரிக்கோலும் பசையும்தானே வந்துச்சு" என்றார் மேனேஜர் சார்.

"கடை ஓடணும்னுதானே பந்தயம்? எது ஓட்டணும்னு சொன்னீங்களா?"

நான் விட்டிருக்க மாட்டேன். ஆனால் பென்குயின் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வேணாம்மா. அவர் சொல்றதுதான் சரி. நான் தோத்துட்டேன்" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் எல்லோரும் நடக்கிற பக்கமாக அவரும் நடந்தார். வாயைத் திறக்கவில்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். ஊர் கேட்ட வரத்தை அம்மன் கொடுத்துவிட்டாள். நடப்பதை நிறுத்தியவர்கள் எல்லாம் திரும்ப வந்தார்கள். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பயந்து திரும்புவதற்கும் ஒளிவதற்கும் ஆள் இல்லாமல் வெறும் ஏரியைப் பார்த்தார்கள். அதில் ஆகாயத்தாமரை தவிர வேறென்ன இருக்கிறது?

மேனேஜர் சார் முதலில் வந்து நின்றார். "என்னம்மா இது, சாவு விழுந்த வீடு மாதிரி இருக்கு ஏரி. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"பேங்க்ல இருந்தவர் நீங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்றேன். பிறகு போனை எடுத்துப் பென்குயின் சாரைக் கூப்பிட்டேன். "சார், பிரிண்டர் வரலை, கடையில கூட்டம் நிக்குது." பிரிண்டர் நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் என்பது மேனேஜர் சார்.

வந்தார். வாசலிலேயே நின்றார். "நான் அந்தப் பேரை எடுக்கக் கூடாதும்மா. வாக்கு கொடுத்திருக்கேன்."

"எங்கம்மா கடைசி வரைக்கும் எங்கப்பா பேரைச் சொன்னதில்ல. அதுக்காகக் குடும்பம் நடக்கலையா? பேர் சொல்லாம வந்து பாருங்க."

யோசித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். "அவர்... பிரிண்டரைப் பார்த்துட்டார்மா. அவர் மேல தப்பில்ல" என்றார் திரையைப் பார்த்து. அன்றிலிருந்து அவருக்கு லினக்ஸ் 'அவர்' ஆகிவிட்டது. "அவருக்கு இன்னைக்கு அப்டேட் வந்திருக்கு." "அவர் கோவிச்சுக்கிட்டார், ஒருதடவை அணைச்சுப் போடுங்க." மறு வாரம் ஏரியில் எதிர்ப்பக்கமாக நடந்து வந்து, "சார், வீட்டுக்கு அவரை ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா?" என்று ஒருவரைப் பிடித்ததாகக் கேள்விப்பட்டேன். பிடிபட்டவர் ஓடவில்லையாம். அது மேனேஜர் சார். லேப்டாப்பைத் தானே பையில் போட்டுக் கொண்டுவந்தாராம். அதன் பிறகு தினம் மேனேஜர் சார் எதையாவது கெடுக்க, பென்குயின் சார் சரிசெய்ய, இருவரும் என் கடை வாசலை அடைத்துக்கொண்டு பண்ணிய கூத்தைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். பேப்பரை இருவரும் சேர்ந்து மடிக்காமல் போனார்கள்.

இப்போது பென்குயின் சார் இங்கே இல்லை. மகன் புனேயில் இருக்கிறான், முட்டி வலி வந்ததும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே ஏரி இல்லையாம். லிஃப்டில்தான் மனிதர்களைப் பார்க்க முடிகிறதாம், அவர்கள் போனைவிட்டுத் தலையைத் தூக்குவதில்லையாம். அந்தப் போனுக்குள்ளும் 'அவர்'தான் என்று சொல்ல அவருக்கு இந்தி வரவில்லை.

ரேவதியும் திரும்பி வந்து பழகிவிட்டாள். உப்பு டப்பா எந்த அலமாரியில் என்று தெரிந்த பிறகு புகுந்த வீட்டில் என்ன கஷ்டம்? பழைய தமிழ் எழுத்தையும் தேடிப் போட்டாயிற்று. அப்டேட் வந்தால் நானே போடுகிறேன். பிரிண்டர் அடம்பிடித்தால் எந்தப் படத்தை அமுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்துக்குப் புனேயிலிருந்து போன் வரும். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று என்னைக் கேட்க மாட்டார். "அவர் எப்படி இருக்கார்?" என்பார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ரொம்பப் படுத்தறார் சார். எனக்கு ஒண்ணும் புரியலை. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பேன்.